வீட்டு ஆள்

மசாஜ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது: இஸ்திரி. பெரிய சலவைக் கடை ஒன்றில் வருடக்கணக்கில் துணி தேய்த்தவள். கடையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். ஆள்தான் வந்தாளே தவிர, கை கடையிலேயே நின்றுவிட்டது. முதல்முதலாக மேஜையில் ஓர் ஆளைப் படுக்கவைத்தபோது, சட்டைக் கையை விரிப்பதுபோல் அவர் கையை விரித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே அழுத்தாக அழுத்தி, தட்டிவிட்டு, மறுபக்கம் புரட்டப் போனாள். படுத்திருந்தவர் அவளோடு படிக்கிற பழைய பஸ் டிரைவர்.

"தங்கச்சி, உள்ளே ஆள் இருக்கேன்மா! மடிச்சு அடுக்கிடாதே!" என்று அவர் அலறினார்.

வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு தலையணையை மேஜையில் போட்டு, கை பலத்தில் அழுத்தாமல் காலை ஊன்றி உடம்பைச் சாய்த்து அழுத்துவது எப்படி என்று தனியாகப் பழகினாள். ரோஷக்காரி. தவிர, இந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. கல்லாக இறுகிக் கிடந்த ஒரு தோள் தன் கைக்கடியில் மெல்ல இளகுவதை முதல் தடவை உணர்ந்த அன்று, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அதுதான் பிரச்சினை. வேறு வழியில்லாமல், தலையில் அடித்துக்கொண்டு செய்கிறாள் என்றால் மன்னித்திருப்பார்கள். விரும்பிச் செய்கிறாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீடு என்றால் அம்மாவும் தம்பியும். தம்பிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அவனுக்குப் பெண் பார்த்து எல்லாம் கூடிவந்திருந்தது. பெண் வீட்டார் இவர்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாளும் அவளுடைய செய்முறைப் பரீட்சை நாளும் ஒன்றாகிப் போயின.

"அக்கா, அவங்க கேட்டா நர்ஸுக்குப் படிக்கிறேன்னு சொல்லிடு. ரெண்டும் உடம்பு சம்பந்தப்பட்டதுதானே?"

"நர்ஸ் ஊசி போடுவாங்கடா. நான் போட்டா ஜெயிலுக்குத்தான் போவேன்."

"விளையாடாதேக்கா. கண்டவன் முதுகையெல்லாம் தடவுறேன்னு எப்படிச் சொல்றது?"

"கண்டவன் சட்டையெல்லாம் தேய்ச்சேனே, அப்ப நீ வாயே திறக்கலையே?"

"அப்ப சட்டைக்குள்ள ஆள் இல்ல."

பயலுக்கு வாய் நீளம். அவளுக்கே ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டாள்: "நீ என்ன வேணா சொல்லிக்கோ. என்கிட்ட கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்வேன்."

பரீட்சையில் இன்னொரு சிக்கல் இருந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம்: கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆள் ஒருவரை அழைத்துவர வேண்டும். மேஜையில் படுப்பது அவர்தான். சொந்த வீட்டு ஆளே நம்பிப் படுக்காத கையை ஊரான் எப்படி நம்புவான் என்பது பள்ளியை நடத்துகிற மேடத்தின் கட்சி. ஆள் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை, அடுத்த வகுப்போடுதான் எழுத வேண்டும். அதுவரை அவளுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை. ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், இந்த முறை தேறினால்.

தம்பியைக் கேட்டாள். அவன் கேட்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அம்மாவைக் கேட்டாள். அம்மாவுக்குத் தோள்வலி. தலை பின்னக்கூட கையைத் தூக்க முடியாது.

"உன் கை வேண்டாம்னு சொல்லலடி" என்றாள் அம்மா. "ஆனா அங்க வந்து நாலு பேர் முன்னாடி படுத்துட்டேன்னா, நீ செய்யறதுக்கு நான் சம்மதிச்ச மாதிரி ஆயிடும்."

அம்மா பொல்லாதவள் இல்லை. பொல்லாதவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அந்தப் பதில் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுபடி கேட்கவில்லை.

பரீட்சை அன்று பள்ளியின் கூடத்தில் ஒரே கூட்டம். ஒருத்தி மாமியாரோடு வந்திருந்தாள், ஒருவன் மனைவியோடு. டிரைவர் அண்ணன் தன் சித்தப்பா என்று ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். சித்தப்பா நிமிடத்துக்கொரு தரம் அவரை "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பாவுக்கு ரொம்ப மரியாதை போல" என்றாள் அவள்.

"சும்மா இரு. பக்கத்துக் கடையில உட்கார்ந்திருந்தாரு, கூட்டிட்டு வந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கும் ஆள் இல்லையா? அவரு சம்சாரம் கீழே நிக்கிறாங்க. பெரியம்மான்னு சொல்லிடலாம். ஒரு வார்த்தை சொல்லு, மேலே கூப்பிடறேன்."

அவளுக்கு ஆசை வந்தது. வராமல் இருக்குமா? ஒரே ஒரு பெரியம்மா, ஒரே ஒரு பொய். வேலை கையில்.

"வேண்டாண்ணே" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன்னு வீட்டுல முறைச்சுக்கிட்டு வந்திருக்கேன். இங்க வந்து அதையே சொன்னா அப்புறம் என்ன வீராப்பு?"

அவள் முறை வந்தது. மேடம் கையில் பேனாவோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜை காலியாக இருந்தது.

"எங்கம்மா உன் வீட்டு ஆள்?"

"வரல மேடம். வர மாட்டாங்க. நான் இந்த வேலை செய்யறது அவங்களுக்கு அவமானமாம்."

"அப்ப அடுத்த தடவை பார்ப்போம். சம்மதிக்க வைக்கிறதும் இந்த வேலையில ஒரு பாகம்தான். வீட்டுல ஒருத்தரைச் சம்மதிக்க வைக்க முடியலன்னா..."

அவள் நகரவில்லை. காது வரை சூடேறியது அவளுக்கே தெரிந்தது.

"மேடம், முதல் நாள் நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க? தொடறதுக்கு முன்னாடி கேளு, வேண்டாம்னா கையை எடுத்துடு, கெஞ்சாதே, மிரட்டாதேன்னீங்க. நான் கேட்டேன். வேண்டாம்னாங்க. விட்டுட்டேன். பாடத்தைச் சரியாத்தானே செஞ்சிருக்கேன்? அதுக்கா என்னை ஃபெயில் பண்றீங்க?"

கூடத்தில் பேச்சு நின்றது. டிரைவர் அண்ணனின் சித்தப்பா மட்டும் "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டு வாயை மூடிக்கொண்டார்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இது என் பள்ளிக்கூடத்துச் சட்டம்."

"சரி மேடம். ஆனா என் கை நல்ல கையா இல்லையான்னு எங்கம்மாவோட வெட்கம் ஏன் முடிவு பண்ணணும்? உங்களைக் கேக்கறேன். நீங்க படுக்கறீங்களா? வேண்டாம்னா இப்பவே கிளம்பறேன். ரெண்டாவது தடவை கேக்க மாட்டேன்."

மேடத்தை அந்த மேஜையில் யாரும் பார்த்ததில்லை. மாணவர்களிடம் அவர் உடம்பைக் கொடுத்ததே இல்லை. இப்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையோரம் வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய்த் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து மேஜையில் குப்புறப் படுத்தார்.

அவள் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். முதுகை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடி ஓரத்தைச் செருகினாள். எண்ணெயை முதலில் தன் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். பயம் எல்லாம் கையை வைக்கும் வரைதான். வைத்த பிறகு மேடம் இல்லை, பரீட்சை இல்லை, ஒரு முதுகு மட்டும்தான் இருந்தது. காலை ஊன்றி மெதுவாகச் சாய்ந்தாள். இடது தோள்பட்டை எலும்புக்கு அருகே வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் நின்னுட்டே?" குப்புறக் கிடந்த மேடத்தின் குரல், மேஜையில் முகம் வைக்கிற துளை வழியே வந்தது.

"மூச்சைப் பிடிச்சிருக்கீங்க மேடம். விடுங்க. விட்டதும் போறேன்."

சற்றுப் பொறுத்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. அவள் கை மேலே போனது. நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மேஜைக்கடியிலிருந்து, பரீட்சைக் குரலே இல்லாத ஒரு குரல், "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றது.

எழுந்து வந்த மேடத்தின் கன்னத்தில் துணியின் வரி பதிந்திருந்தது. "உன் கை இன்னும் இஸ்திரிக் கைதான். வேகத்தைக் குறைக்கணும். சட்டத்தை நான் மாத்தப் போறதில்ல. ஆனா நீ கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதிலும் இல்ல. பாஸ். போ."

டிரைவர் அண்ணன் விசிலடித்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாடிப்படியில் நின்று ஆசைதீர அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தி, பஸ் ஏறினாள்.

வீட்டில் பெண் வீட்டார் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா, அம்மா, ஒரு அத்தை. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் தம்பி கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னான்.

"வாம்மா" என்றாள் பெண்ணின் அம்மா. "நர்ஸ் படிப்பாமே? ரொம்பக் கஷ்டமோ?"

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நர்ஸ் இல்லீங்க. மசாஜ் செய்யப் படிச்சேன். இன்னிக்குத்தான் பாஸ் பண்ணேன்."

பெண்ணின் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அக்கா, நீ உள்ள போ."

"எதுக்குடா? திருடிட்டா வந்திருக்கேன்?" ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "நீங்க கேட்க வேண்டியதைக் கேளுங்க."

கேட்டார்கள். ஆம்பளைங்களையும் தொடுவியா? வலின்னு வந்தா யாரையும் தொடுவேன். தப்பா எவனாவது பேசினா? கதவு இருக்கு, வெளியே அனுப்புவேன். நாளைக்கே உனக்கு ஒரு கல்யாணம்னா விட்டுடுவியா? மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் குரல் உயராமல், தலை குனியாமல் பதில் சொன்னாள். கடைசியில் பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதனால உன் தம்பி கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. சின்ன வயதில் அவள் தூக்கி வளர்த்த முகம். பரிதாபமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

"நின்னா, நான் செய்யற வேலையால நிக்கலைங்க. அவன் சொன்ன பொய்யால நிக்குது. அதை அவன்கிட்ட கேளுங்க."

எல்லோரும் தம்பி பக்கம் திரும்பினார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.