பவுர்சாக்கின் ஈரப் பொந்து

பல்லி வெளுக்கத் தொடங்கியது திங்கட்கிழமை. தொக்தாரின் மகள் கம்ஷாத் வளர்க்கும் பல்லி அது. அவள் எழுதிக் கண்ணாடித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போன தாளை எடுத்து அவன் மறுபடி படித்தான். 'உடம்பு வெளுத்தால் சீக்கிரம் தோல் உரிக்கும். ஈரப் பொந்து காயக் கூடாது. காய்ந்தால் தோல் இறுகி விரல் விழுந்துவிடும். பொந்துக்குள் தேங்காய் நார்த்தூள் போடு. மணல் கூடவே கூடாது, தின்றால் குடல் அடைக்கும்.'

பொந்து என்றால் பெரிய மாளிகை இல்லை. தயிர் வாங்கிய டப்பா, பக்கவாட்டில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே எதைப் பரப்புவது என்பதில்தான் வந்தது வினை. இருந்த நார்த்தூள் பூஞ்சை பிடித்து நாறி, போன வாரமே குப்பைக்குப் போய்விட்டது. கடைக்காரன் கையை விரித்தான். அல்மாத்தியிலிருந்து சரக்கு வர வேண்டுமாம், பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்களாம். இந்தப் பனி ஊர் கரகந்தியில் தென்னையா நிற்கிறது, ஏறிப் பறிக்க!

மகளைக் கேட்டிருக்கலாம். காசநோய் மருத்துவமனையிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறாள். ஆனால் மாத்திரை தின்று தின்று வாந்தியெடுக்கும் பதினைந்து வயசுப் பெண்ணிடம் போய், உன் பல்லிக்குப் படுக்கை இல்லை என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. மறைத்து மறைத்துப் பழகிய வாய் அது.

நவம்பரில் மனைவி ஷோல்பான் மாரடைப்பில் போனாள். நோயாளியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாற்பதாம் நாள் கழிந்த பிறகே, இரண்டு பெரியவர்களைக் கூட்டிப்போய், ஏரியை விட்டு அன்னம் பறந்துவிட்டது என்று முறைப்படி சுற்றி வளைத்துச் சொல்ல வைத்தான். கம்ஷாத் அழவில்லை.

"நாப்பது நாளா அம்மா தூங்கறா, தூங்கறான்னு சொன்னியேப்பா," என்றாள். "இனிமே எது செத்தாலும் அன்னைக்கே சொல்லு. இல்லேன்னா உன்கூட பேசவே மாட்டேன்."

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம். இனி இந்த வீட்டில் எதுவும் சாகக் கூடாது. மே மாதம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று மகளிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறான். டாக்டர் அவனிடம் சொன்னது வேறு. இந்த மாத்திரைகள் கேட்கவில்லை, இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலாம். அதையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எதிர்வீட்டு ரிம்மா அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா, பல்லிக்குப் பிரசவ வலியா? உனக்கு இப்படி வேர்க்குது!"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. ஈரம் தாங்கற மாதிரி எதாவது வேணும், டப்பாவுல பரப்ப."

"என் தோட்டத்து மண்ணு ஒரு வாளி இருக்கு. கோழி எரு போட்ட மண்ணு. தக்காளி எப்படிக் காய்க்கும்ங்கறே!"

"எருவா? அது நக்கித் தொலைக்கும்க்கா."

"அப்ப மரத்தூளு."

"வயித்துல போய் ஊதிக்கும்."

"நல்ல கதைடா! என் புருஷனுக்குக்கூட நான் இப்படி மெத்தை தேடினதில்லை. கைதுடைக்கிற தாளை நனைச்சுப் போடு, போ."

போட்டான். பிப்ரவரி மாதம், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் தாள் அப்பளமாக மொரமொரத்தது. மூன்றாம் தடவை நனைக்கும்போதுதான் அவன் பார்வை சன்னலில் விழுந்தது.

இரட்டைச் சன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் காய்ந்த காட்டுப்பாசி, மரத்தடியில் பஞ்சாகப் படர்வது. குளிர் வராமல், கண்ணாடி வேர்க்காமல் இருக்க ஷோல்பான் அக்டோபரில் அடைத்தது. வருஷா வருஷம் அடைப்பாள். பாசியும் ஈரம் பிடித்து வைக்கும் என்று கம்ஷாத் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஷோல்பானே எடுத்து நீட்டியதுபோல இருந்தது அவனுக்கு.

கழுவினானா? இல்லை, பாவி. அவள் கை பட்ட பாசியை அலசிக் கொட்ட மனசு வரவில்லை. ஆறவைத்த தண்ணீரைத் தெளித்துப் பதமாக்கி, டப்பாவில் பரப்பினான். பல்லி உடனே உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. அதன் வால் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி மாதிரி உப்பியிருக்கிறது என்று கம்ஷாத் அந்தப் பெயரையே வைத்திருந்தாள். அன்று மதியம் தொக்தார் இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது.

புதன்கிழமை தோல் உரிந்தது. பவுர்சாக் அதைத் தின்றது, பாசியில் நின்ற நீர்த்துளிகளையும் நக்கியது. பிறகு வாயைத் திறந்து திறந்து மூடியது. தாகம்போல என்று இவன் பாசியில் இன்னும் தெளித்தான். அது இன்னும் நக்கியது. வியாழக்கிழமை வால் வற்றிக் கண் குழிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தபோது விறைத்துக் கிடந்தது. இருபது விரல்களும் பத்திரமாக இருந்தன.

இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தது.

"பவுர்சாக்கைக் காட்டுப்பா. உரிச்சிடுச்சா?"

"உரிச்சிடுச்சு. இப்ப தூங்..." அந்தச் சொல்லில் நாக்கு மாட்டிக்கொண்டது. "செத்துப்போச்சும்மா, என் செல்ல ஒட்டகக் குட்டியே. இன்னைக்குக் காலைலதான்."

காட்டினான். அவள் பார்த்தாள். வெகுநேரம் இருமினாள்.

"பொந்துல என்ன போட்டே?"

"நார்த்தூள் கிடைக்கல. அம்மா சன்னல்ல வெச்ச பாசியை எடுத்து..."

"ஐயோ, அப்பா! அதுல உப்பு இருக்குமே! ஈரத்தை இழுக்கட்டும்னு அம்மா எப்பவும் பாசிக்குள்ள உப்பு தூவுவாளே. இந்தத் தடவை நான்தான் தூவினேன், ஒரு பொட்டலம் முழுக்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"நீ கவலைப்படுவேன்னு..."

ஃபோன் அணைந்தது.

பதினெட்டு வருஷம் அந்தச் சன்னலடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன் அவன். சன்னலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பாசியில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தான். கரித்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஃபோன் அடித்தது. கம்ஷாத்தின் குரல் கம்மியிருந்தது.

"இன்னைக்கே சொன்னே. அது சரி. வேற எதாவது மறைச்சு வெச்சிருக்கியாப்பா? இருந்தா இப்பவே சொல்லிடு."

அவன் வாயில் உப்பு இன்னும் போகவில்லை.

"இருக்கும்மா," என்றான். "மே மாசத்தைப் பத்தி."