சொரிமுத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

சாவு எழுதுவதுதான் சுகன்யாவின் வேலை. திருநெல்வேலி டவுணில் யார் கண்ணை மூடினாலும் வீட்டுக்காரர்கள் முதலில் ஐஸ் பெட்டிக்குச் சொல்லுவார்கள். அடுத்த போன் ஹசன் அலி பாயின் அச்சகத்துக்கு வரும். செத்தவரின் படம் சுகன்யாவின் வாட்ஸப்பில் வந்து விழும். ஏதோ ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து அவர் தலையை மட்டும் வெட்டி எடுத்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி', இரண்டு பக்கமும் 'தோற்றம்', 'மறைவு', கீழே 'துயரத்தில் ஆழ்ந்திருக்கும்' என்று உறவுக்காரர் பெயர்களை வரிசையாகப் போட்டால் ஒரு மணி நேரத்தில் போஸ்டர் தயார்.

இதில் விளையாட்டுக்கு இடம் கிடையாது. மூத்த மருமகன் பெயருக்கு மேலே இளையவன் பெயர் ஏறிவிட்டால் சுடுகாட்டுக்குப் போகிற வழியிலேயே சட்டையைப் பிடிப்பார்கள். ஒன்பது வருசத்தில் சுகன்யா கையில் ஒரு தேதி தப்பியதில்லை, ஒரு பெயர் இடம் மாறியதில்லை. "டாக்டர் சொன்னாக்கூட நம்பாதிய, சுகன்யா அடிச்சாத்தான் ஆளு போயிட்டுன்னு அர்த்தம்" என்று ரதவீதியில் ஒரு பேச்சே உண்டு. அப்பேர்ப்பட்ட கையால்தான் அவள் சொரிமுத்துவைச் சாகடித்தாள்.

பதற வேண்டாம். சொரிமுத்து சினிமாக்காரன். 'ஆத்துக்காவல்' படங்களின் நாயகன். மணல் அள்ளுகிறவர்களை எதிர்த்து நிற்கிற வாழைத்தோட்டக் கூலிக்காரன். எட்டு வருசத்துக்கு முன்னால் வந்த முதல் பாகத்தில், மணல் முதலாளி தன் காலில் விழச் சொல்லும்போது அவன் ஒரு வசனம் சொல்லுவான்: "ஆத்துல விழுவேன். ஆள் காலுல விழமாட்டேன்." அன்றைக்குத் தியேட்டர் கூரை பிய்ந்துகொண்டு போகாததுதான் பாக்கி. ஆட்டோ முதுகில் எழுதினார்கள், கல்யாணப் பேனரில் எழுதினார்கள், கோயில் கொடை விழாவுக்கு அடித்த பனியன்களில்கூட அது ஏறியது.

சுகன்யாவுக்கு அது வெறும் வசனம் இல்லை. அவள் பிளஸ் டூ படித்தபோது, ஸ்ரீவைகுண்டத்தில் அவள் அம்மா சுடலைவடிவு வேலை பார்த்த தோட்டத்தில் இரண்டு வாழைத்தார் காணாமல் போனது. எடுத்தது யாரோ, பழி அம்மா தலையில் விழுந்தது. தோட்டக்காரர் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு காலை நீட்டினார். விழுந்தால் நாளைக்கு வேலை, விழாவிட்டால் எந்தத் தோட்டத்திலும் வேலை இல்லை. பள்ளிக்கூடப் பையோடு சுகன்யா பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா விழுந்தாள். எழுந்து, முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

ஆத்துக்காவல் முதல் பாகத்துக்கு அம்மாவை சுகன்யாதான் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வசனம் வந்ததும் சுடலைவடிவு இருக்கையைவிட்டு எழுந்தாள். எழுந்தவள் எழுந்தவள்தான். "எம்மா, உக்காருங்க, மறைக்கி" என்று பின்வரிசை கத்தியது. படம் முடிகிறவரை அவள் உட்காரவே இல்லை. அன்றையிலிருந்து சொரிமுத்து அந்த வீட்டுப் பிள்ளை.

மூன்றாம் பாகம் இந்த ஆகஸ்டில் வந்தது. முதல் நாள் முதல் காட்சி, சுகன்யா மூன்றாவது வரிசை. ஐந்து மொழியில் ஓடவேண்டும் என்று வடக்கிலிருந்து ஒரு பெரிய நட்சத்திரத்தை வில்லனாகக் கூட்டி வந்திருந்தார்கள். அவருடைய ரசிகர்கள் மனம் கோணக்கூடாதாம். ஆகவே கடைசிக் காட்சியில், மழையில், வயலின் அழ, சொரிமுத்து அவர் காலில் விழுந்தான். 'மன்னிப்பதே வீரம்' என்று திரையில் எழுத்து வேறு வந்தது. மன்னிப்புக் கேட்டவன் இவன். வீரம் யாருக்கு என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை.

வாசலுக்கு வந்த கையோடு சுகன்யா போனைத் தூக்கி வீடியோவில் பேசிப் போட்டாள். "எட்டு வருசமா நாங்க தூக்கிச் சுமந்த ஆள நீங்க ஒரு நிமிசத்துல கவுத்திட்டிய. அவன் எங்க ஆளு. விழ வைக்க நீங்க யாரு?" சாயங்காலத்துக்குள் ரெண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அந்த வீடியோ இல்லை. அதில் படத்தின் காட்சி பத்து வினாடி இருந்ததாம், சென்னையில் இருக்கிற படக் கம்பெனி புகார் கொடுத்து எடுத்துவிட்டது. காட்சி இல்லாமல் மறுபடி பேசினாள். பின்னால் பாட்டு கேட்கிறது என்று அதையும் எடுத்தார்கள். புகழ்ந்து பேசின ஐம்பது பேர் முழுப் பாட்டையே போட்டிருந்தார்கள், அதெல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

வாயை மூடினால் கை சும்மா இருக்குமா? அவளுக்குத் தெரிந்த தொழிலைச் செய்தாள். முண்டாசோடு சொரிமுத்து படம். தோற்றம்: பாகம் ஒன்று. மறைவு: பாகம் மூன்று, கடைசிக் காட்சி. 'ஆத்தில் விழுவேன் என்றவனை ஆள் காலில் விழவைத்துக் கொன்றார்கள். துயரத்தில் ஆழ்ந்திருக்கும்: டவுண் ரசிகர்கள்.' வாகையடி முக்கு தொடங்கி ஜங்சன் வரைக்கும், விடியும்போது சுவரெல்லாம் சொரிமுத்து.

ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் நிஜச் சாவு என்றே நம்பிவிட்டார்கள். சுகன்யா கைப் போஸ்டர் அல்லவா? எட்டு மணிக்கெல்லாம் இரண்டு பேர் மாலையோடு அச்சகத்துக்கு வந்து துஷ்டி வீடு எந்தத் தெரு என்று கேட்டார்கள். ஒன்பதுக்கு சுடலைவடிவு போன் செய்தாள்.

"ஏட்டி, பஸ்டாண்டுல திருநெல்வேலி பஸ்ஸு முதுகுல பாத்தேன். நம்ம சொரிமுத்து செத்துட்டானா?" அவள் இன்னும் மூன்றாம் பாகம் பார்க்கவில்லை.

"சாகலம்மா. காலுல விழுந்துட்டான்."

"விழுந்தா செத்ததாட்டி கணக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

சுகன்யாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதை அவள் யோசித்திருக்கவில்லை.

நான்காம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சுகன்யாவுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று. சொரிமுத்துவின் படம், பெயர், வசனம் மூன்றும் கம்பெனியின் சொத்து. சுகன்யா இனி அவற்றை எழுத்திலோ பேச்சிலோ எங்கேயும் பயன்படுத்தக்கூடாது. பொது இடத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். தவறினால் அச்சகத்தின் மேல் வழக்கு. இயந்திரங்களைப் பூட்டி வைக்க மனுப் போடுவார்கள்.

நோட்டீஸோடு மாவட்ட ரசிகர் மன்றத் தலைவர் தளவாயும் வந்து நின்றார். முதல் பாகத்துக்குக் கட்அவுட்டில் ஏறிப் பால் ஊற்றி, வழுக்கி, கையை ஒடித்துக்கொண்ட மனுசன். இப்போது அவருக்கு வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழம நம்ம தியேட்டர்ல வெற்றி விழா. சென்னையிலருந்து சார் வாராவ. மேடையேறி ரெண்டு வார்த்த, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லு. முடிஞ்சிட்டு சோலி."

"அண்ணாச்சி, கை ஒடிஞ்சது மறந்துட்டா?"

"அது ரசிகன் கை. இது தலைவர் கை" என்றார் தளவாய், கூச்சமே இல்லாமல்.

ஹசன் அலி பாய் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? சின்னப் புள்ளைக்கும் தெரியும், இவனுவளுக்குத் தெரியல" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா சுகன்யா, மெஷினப் பூட்டிட்டாம்னா நம்ம நாலு குடும்பம் தெருவுல நிக்கும். நீ என்ன செஞ்சாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். யோசிச்சுச் செய்யி" என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஊருக்குப் போனாள். அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்பக் கேட்டுட்டு வா. ரெண்டு வார்த்ததான?" என்றாள் சுடலைவடிவு.

"நீயா சொல்லுத?"

"நாந்தான் சொல்லுதேன். அன்னைக்கு நான் விழலன்னா நீ பன்னெண்டாப்பு முடிச்சிருப்பியா? கம்ப்யூட்டரு படிச்சிருப்பியா? விழுந்தேன், எந்திச்சேன், சோலியப் பாத்தேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பதினோரு வருசமாகப் பேசாத பேச்சு, அரிசி களைகிற நேரத்தில் வந்துவிட்டது. "பெறவு எதுக்கும்மா அன்னைக்குத் தியேட்டர்ல அவ்வளவு நேரம் நின்ன?"

அம்மா அரிசியை உலையில் போட்டாள். "எனக்குப் பதிலா ஒருத்தன் நின்னாம்லா. அவன் நிக்கப்ப நான் எப்படிட்டி உக்கார?" என்றாள். மூடியைப் போட்டுவிட்டு, "அவனயும் விழத்தட்டிட்டானுவளே, பாவி மட்டைக" என்றாள். கண் கலங்கியது புகையால் இல்லை. அது கேஸ் அடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிறைந்து வழிந்தது. பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் சுடலைவடிவு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடாமலே பஸ் ஏறி வந்துவிட்டாள். மேடையில் கம்பெனி ஆள் குமரகுருபரன். பாளையங்கோட்டைக்காரர்தான், சென்னைக்குப் போய்ப் பேச்சை அங்கேயே மாற்றிக்கொண்டவர். சுகன்யாவிடம் குனிந்து, "மேடம், சிம்பிளா முடிச்சிருங்க. நோட்டீஸ் ஞாபகம் இருக்குல்ல? பேரு, டயலாக் எதுவும் வேணாம். ஸாரி மட்டும்தான்" என்றார்.

"நோட்டீசு எனக்கு மனப்பாடம் சார். அதுல உள்ளபடியே பேசுதேன்" என்றாள் சுகன்யா. பாம்பும் சாகவேண்டும், கம்பும் ஒடியக்கூடாது. ராத்திரி முழுக்க அவள் யோசித்தது அதைத்தான்.

மைக் முன்னால் போய் நின்றாள். இருட்டில் ஆயிரம் தலை. தளவாய் முன்வரிசையில் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

குமரகுருபரன் முகம் மலர்ந்தது. அவரே கை தட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு கைதட்டுகூட இல்லை.

"ஒம்பது வருசமா இந்த ஊருக்குச் சாவு எழுதுதேன். ஒரு தேதி தப்புனது கெடையாது. உங்க வீட்டு அய்யா, ஆத்தா எல்லாரையும் நாந்தான் எழுதிருக்கேன். இந்தத் தடவ தப்பிட்டு. உயிரோட இருக்க ஒருத்தன செத்துட்டான்னு அடிச்சு, ஊரெல்லாம் ஒட்டிட்டேன். அவங்கிட்டதான் மன்னிப்புக் கேக்கேன்."

சுகன்யா மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"திரையில விழுந்தது யாருன்னு எனக்குத் தெரியாது. அவன மாதிரி முண்டாசு கட்டுன வேற எவனோ. நம்ம ஆளு விழல. வயித்துப்பாட்டுக்கு விழுந்து எந்திச்ச எங்கம்மா மாதிரி ஆளுகளுக்குப் பதிலா நின்னவன் அவன். அவன் போயிட்டான்னு நான் எழுதுனது தப்பு. அவன் பேர நான் சொல்லக்கூடாதாம். அவன் சொன்னத நான் சொல்லக்கூடாதாம். நான் சொல்லல." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "அவன் முத முதல்ல என்ன சொன்னான்? ஞாபகம் இருக்கவங்க யாராவது இருக்கியளா?"

மைக் கரகரத்து அணைந்தது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான்காவது வரிசையில் சுடலைவடிவு எழுந்தாள். தோட்டத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அதற்கு மைக் எதற்கு?

"ஆத்துல விழுவேன்!"

ஒரு நொடி. அப்புறம் தியேட்டர் மொத்தமும்:

"ஆள் காலுல விழமாட்டேன்!"

மறுபடி அவள். மறுபடி அவர்கள். பால்கனியில் ஆரம்பித்து கேண்டீன்காரன் வரை. தளவாயின் உதடும் அசைந்தது. ஒடிந்து கூடிய கை, அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தது. குமரகுருபரன் ஓடி வந்தார். "மேடம், நிறுத்தச் சொல்லுங்க! எல்லாம் ரெக்கார்ட் ஆகுது!"

"நான் வாயே தெறக்கலியே சார்" என்றாள் சுகன்யா. "நோட்டீசுல எம் பேரும் பாய் கடப் பேரும்தான இருக்கு? இவங்களுக்கெல்லாம் தனித்தனியா அனுப்புங்க. விலாசம் வேணும்னா நானே எழுதித் தாரேன். எல்லா வீடும் எனக்குத் தெரியும்."

அவர் என்ன சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

சுகன்யா அம்மாவைப் பார்த்தாள். சுடலைவடிவு இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவளை உட்காரச் சொல்ல, உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை.