ஓட்டையோடு ஒரு மஸ்டாங்

எங்கள் காரின் அடித்தகட்டில் கால் போகிற அளவுக்கு ஓட்டை இருக்கிறது என்று விளம்பரத்தில் எழுதியது நான்தான். எஞ்சின் சுற்றாது, கதவடி முழுக்கத் துரு, திருத்தி எடுக்க விருப்பமுள்ளவர் வரலாம் என்று பிரெஞ்சில் எழுதி, மூலையிலிருக்கும் டெபனர் கடைப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தேன். அதைக் கேள்விப்பட்ட என் மனுசன் மரியதாசன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அது எழுபதாம் ஆண்டு மஸ்டாங், எட்டு சிலிண்டர். கியூபெக்கில் செயின்ட்-மிஷேலுக்குக் குடிவந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கினார். திருத்தி, ஞாயிறு பூசைக்கு எங்களை அதில் ஏற்றிப் போவதாகக் கனவு. பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், முன்னுக்கு மடு மாதா படம் ஒட்டினோம், அதோடு சரி. இப்போது வீட்டுக்காரன் கராஜைத் திருப்பிக் கேட்டுவிட்டான். விற்கத்தான் வேண்டும், அதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எப்படி விற்பது என்பதில்தான் சண்டை. குறையை நாங்களே ஊருக்குச் சொல்வதா, வாங்க வருகிறவன் வேண்டுமானால் கண்டுபிடிக்கட்டும் என்றார் அவர்.

குறையை நாங்களே சொல்வதா என்ற இந்தக் கதையை நான் முதலில் கேட்டது மன்னாரில், என் பெரியம்மாவின் வாயிலிருந்து. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இடது கால் சூம்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, அவர்கள் வாசலுக்கு வருமுன்பே என்னை மேசைக்குப் பின்னால் இருத்தி, சேலையைத் தரைவரை இழுத்துவிட்டார்கள். தேத்தண்ணி கொண்டுபோனது என் தங்கை. நான் எழும்பி நடந்து காட்டுகிறேன் என்றேன். பெரியம்மா தொடையில் கிள்ளினாள்.

கலியாணத்தன்று கோயிலுக்குள் நான் பீடத்தை நோக்கி நடந்து வந்தபோதுதான் மரியதாசன் பார்த்தார். அன்றிலிருந்து எந்தச் சண்டையென்றாலும், கறிக்கு உப்புக் கூடினாலும்கூட, கடைசியில் அந்த ஒரு வசனத்தில்தான் வந்து நிற்பார்: உன்ரை ஆக்கள் மறைச்சுத் தள்ளிவிட்டவை. பிள்ளைகளுக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறைத்தது நானில்லை. ஆனால் அந்த வசனத்துக்குப் பயந்து, கோடையிலும் நிலம் கூட்டும் பாவாடைதான் உடுத்தேன்.

ஆகவே இந்தக் காரையாவது உள்ளது உள்ளபடி சொல்லித்தான் விற்பது என்று பிடிவாதமாக இருந்தேன்.

சனிக்கிழமை ஜில்பேர் என்ற கியூபெக்காரன் வருவதாகப் போன் பண்ணினான். வெல்டிங் வேலை செய்கிறவன். புதன்கிழமையிலிருந்தே என் மனுசனும் அவருடைய கூட்டாளி அருமைராசாவும் கராஜுக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்கள். துப்புரவாக்குகிறோம் என்றார்கள். நானும் வேலை செய்கிற கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வந்து, எட்டிப் பார்க்காமல் படுத்துவிட்டேன்.

ஜில்பேர் கார் ஏற்றும் றெயிலரோடு வந்து இறங்க, என் மனுசன் கராஜ் கதவைத் தூக்கினார். உள்ளே புதுப்பெண் மாதிரிச் சிவப்பாக மினுங்கிக்கொண்டு நின்றது கார். துருவுக்கு மேல் பூசி இறுகிய புட்டிப் பசை, புட்டிக்கு மேல் பெயின்ற். ஓட்டைக்கு மேல் தகரம் வைத்து, அதற்கு மேல் புதுக் கம்பளம்.

ஜில்பேரின் முகம் விழுந்துவிட்டது. விளம்பரத்தில் இருந்த காரைப் பார்க்கத்தான் வந்தேன், இந்த பெயின்றுக்குக் கீழே என்ன கிடக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு, தன் வண்டிப் பக்கம் திரும்பினான். பிரெஞ்சு விளங்காத என் மனுசன் சிரித்துக்கொண்டே, பிடிச்சிருக்காமோ என்று என்னைக் கேட்டார்.

கொஞ்சம் நில் என்று ஜில்பேரிடம் சொல்லிவிட்டுப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினேன். பெட்டியிலிருந்து பெரிய ஸ்குரூட்ரைவரை எடுத்தேன். கம்பளத்தை இழுத்து எறிந்து, தகரத்தைக் கிளப்பினேன். பிறகு நிலத்தில் இருந்துகொண்டு கதவடியில் குத்தினேன். புட்டி கட்டி கட்டியாக விழுந்தது. பின் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் புஷ்பராணி கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"யோசெப்பின், மானத்தை வாங்காதை," என்றார் என் மனுசன்.

"மறைச்சுத் தள்ளிவிட்டவையெண்டு இவ்வளவு காலமும் என்னைச் சொன்னனீங்கள். இப்ப நீங்கள் செய்தது என்ன?"

அருமைராசா தொப்பியை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

ஜில்பேர் திரும்பி வந்து முழங்காலில் நின்றான். ஓட்டைக்குள் கையை விட்டு, அடிப்பக்கத்தால் விரல்களை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். இந்த ஓட்டைக்குத்தான் வந்தேன், இது என்னால் முடிகிற வேலை, எடுக்கிறேன் என்றான். பேசிய விலையிலும் குறைக்கவில்லை.

அவன் காரை ஏற்றச் சங்கிலி கொழுவிக்கொண்டிருக்கும்போது என் மனுசன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "கால் விஷயத்தை எனக்கும் முதலே சொல்லியிருக்கலாம்தானே," என்றார்.

"சொல்லியிருந்தால் கட்டியிருப்பியளோ?"

அவர் கீழே கிடந்த புட்டிக் கட்டிகளைப் பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகும் வேண்டும் என்று சொல்ல ஜில்பேருக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. என் மனுசன் இன்னும் யோசித்துக்கொண்டு நின்றார்.

யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, றெயிலருக்கு வழிகாட்ட ஒழுங்கைப் பாதையின் நடுவால் நடந்தேன். செருகிய பாவாடையை நான் இறக்கிவிடவில்லை.