இணைப்பு வண்டி

ரயில் கிளம்பி அரை மணி நேரம் ஆகியும் அவன் உட்காரவில்லை. இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதன் விளிம்பில் இடுப்பை முட்டுக் கொடுத்து, கால்களைச் சற்று அகட்டி நின்றுகொண்டிருந்தான். எட்டு வருடம் பேருந்தில் நடத்துநராக நின்ற உடம்பு. ஓடுகிற எதிலும் அதற்கு நிற்கத்தான் தெரியும்.

“உக்காருங்க சார். டிக்கெட் எடுத்திருக்கீங்கல்ல?” என்றார் எதிரே இருந்த பூட்டு வியாபாரி. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் காலடி மூட்டை கலகலத்தது.

உட்கார்ந்தான். ஜன்னலோரத்தில் நான்கு வயது மகள். அவள் கழுத்தில் அவனுடைய விசில். விடுப்பு நாளிலும் சட்டைப்பையில் கிடக்கும் அதை ஏறியவுடனே எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு தடவை ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு தடவை ஊதினால் போகலாம். பேருந்து டிப்போவில் கழிந்த மூன்று மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது அது. நிலையம் நெருங்கும்போது மெதுவாக ஒன்று ஊதினாள். ரயில் நின்றது. இரண்டு ஊதினாள். சிறிது நேரத்தில் நகர்ந்தது.

“பாப்பா பேச்ச டிரைவர் தட்டவே மாட்டேங்குறாரே” என்றார் பூட்டு வியாபாரி. அவள் பெருமையாக அப்பாவைப் பார்த்தாள்.

மனைவி இறந்தபின், காலை ஐந்து மணி வேலைக்கு மகளைத் தூக்கத்திலேயே தோளில் போட்டுக்கொண்டு போவான். டைம்கீப்பர் அறையில் பழைய காகிதக் கட்டுகளின் மேல் படுக்கவைத்துவிட்டு வண்டி ஏறுவான். “பட்டதாரி, பொண்ணுக்கும் ஒரு பேட்ச் குத்தி விட்டுரலாமா?” என்று டைம்கீப்பர் கிண்டல் செய்வார். கல்லூரியில் படித்துவிட்டு நடத்துநரானதால் அங்கே எல்லோருக்கும் அவன் பட்டதாரிதான். போன வாரம் பின்னால் நகர்ந்த பேருந்துக்கு ஒரு முழம் தள்ளி அவள் நின்றிருந்தாள். அன்று டைம்கீப்பர் கிண்டல் செய்யவில்லை. “இது புள்ள வளர்ற எடம் இல்லப்பா.”

அன்று மாலையே மனைவியின் அக்காவுக்குப் போன் செய்தான்.

“நீங்க எதையும் யோசிக்காதீங்க தம்பி. ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். பின்னாலேயே ஒரு வண்டி காலியாக வருகிறது என்று படியில் தொங்குபவர்களிடம் அவனும் எட்டு வருடமாகச் சொல்லி வருகிறான். அப்படி ஒரு வண்டி வந்ததே இல்லை.

ரயிலில் அவனுக்கு இதுதான் முதல் பயணம். அக்கா ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியிருந்தாள். “ஜங்ஷன்ல பன்னெண்டு பத்துக்கு எறங்குவீங்க. பாலம் ஏறி நாலாவது பிளாட்பாரம். பன்னெண்டு இருபத்தஞ்சுக்கு இங்க வர்ற வண்டி. கனெக்‌ஷன் வண்டிதான், கவலப்படாதீங்க.”

கனெக்‌ஷன் என்ற அந்த வார்த்தையில் அவன் கவலையை விட்டிருந்தான். அவனுடைய தடத்தில் கூட்டுரோட்டில் சின்னப் பேருந்து நிற்கும். நகரத்திலிருந்து பெரிய பேருந்து வந்து ஆட்களை இறக்கிவிடும்வரை அது கிளம்பாது. ஒரு மழை நாளில் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறான். இணைப்பு வண்டி என்றால் நிற்கும்.

ஜங்ஷனுக்கு ரயில் பத்து நிமிடம் தாமதமாக வந்தது.

“நானும் அந்த வண்டிதான். ஓடுங்க சார், அஞ்சு நிமிஷந்தான் இருக்கு” என்று பூட்டு வியாபாரி மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

“கனெக்‌ஷன் வண்டிங்க. நிக்கும்.”

அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு ஓடினார்.

அவன் குழாயில் மகளின் முகத்தைக் கழுவினான். பாட்டிலில் தண்ணீர் பிடித்தான். பாலத்தின் படிகளை அவள் எண்ணிக்கொண்டே ஏற, விட்ட எண்களை எடுத்துக் கொடுத்தான். மேலே வந்தபோது நாலாவது பிளாட்பாரத்தில் ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. வாசலில் தொற்றி நின்ற பூட்டு வியாபாரி இவர்களைப் பார்த்துக் கையை வீசி வீசி அழைத்தார். அவனும் கையை உயர்த்தினான். அப்படி உயரும் கைகளைத் தினமும் பார்ப்பவன் அவன்.

மகள் விசிலை எடுத்து ஒன்று ஊதினாள். இன்னும் பலமாக, மறுபடி ஒன்று. கடைசிப் பெட்டியும் போனது.

“அவங்களுக்குக் கேக்கலப்பா” என்றாள்.

விசாரணை ஜன்னலுக்குள் இருந்த பெண்ணிடம் கேட்டான். “நாங்க வந்த வண்டி பத்து நிமிஷந்தான் லேட்டு. இது ஏன் நிக்கல?”

“அது வேற வண்டி, இது வேற வண்டிங்க. அதுல யாரு வர்றாங்கன்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க நிப்போம்.”

“யாரு?”

அவள் குழந்தையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “ரயில்ல மொதல் தடவையா? எல்லாரும் ஒருக்கா விடுறதுதான். அடுத்தது மூணு நாப்பதுக்கு, அதே நாலாவது. இதே டிக்கெட் போதும். எதிர்ல மூணாவதுல ஒண்ணு வந்து நிக்கும். அது நீங்க வந்த ஊருக்குத் திரும்பிப் போறது. மாறி ஏறிடாதீங்க.”

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்காவிடம் போனில் சொன்னான்.

“அடடா. இவரு லீவு போட்டுட்டு ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டாரே. சரி, பதறாம வாங்க. புள்ளைக்குக் கட்டில் போட்டாச்சு தம்பி.”

“சரிக்கா.”

மனைவி இறந்த அன்றைக்கும் இப்படித்தான் ஒரு போன் வந்தது. கூட்டுரோட்டில் பெரிய பேருந்துக்காகச் சின்னப் பேருந்தை நிறுத்தி வைத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உடனே வரச் சொன்னார்கள். “நீ போ பட்டதாரி, நான் பாத்துக்கறேன்” என்றார் டிரைவர். பெரிய பேருந்து பத்து நிமிடத்தில் வந்துவிடும், ஆட்களை மாற்றி ஏற்றிவிட்டுப் போகிறேன் என்றான் அவன். இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. பதினோரு பேர் இறங்கி ஏறினார்கள். பதினோரு பேருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் அவன் போய் நின்றபோது கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

“அப்பா, பெரியம்மா வீட்ல நீ எத்தன நாள் இருப்ப?”

“ரெண்டு நாள்.”

“நானு?”

“தண்ணி குடிக்கிறியா?”

குடித்தாள். அவன் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். விசிலின் கயிறு கழுத்தை அறுக்காமல் இரண்டு விரலை உள்ளே கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் மரத்துப்போனது. எடுக்கவில்லை.

மூன்றரைக்கு மூன்றாவதில் ஒரு ரயில் வந்தது. இரண்டு நிமிடத்தில் நாலாவதில் இன்னொன்று. இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன. சத்தத்தில் மகள் விழித்தாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டான். மறுகையில் பெட்டி. அதில் அவளுடைய எல்லா கவுன்களும் இருந்தன. அவனுடைய ஒரே ஒரு மாற்றுச் சட்டை மேலே மடித்திருந்தது. ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறினார்கள்.

மகள் இரண்டு ரயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். கன்னம் உப்ப விசிலை வாயில் வைத்து, நீளமாக ஒன்று ஊதினாள்.

அவன் நின்றான். இரண்டாவது ஊதலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.