முதல் சனி, மூன்றாம் சனி

மாதத்தின் முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும் மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பிள்ளைகளை அப்பா பார்க்கலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. இடம், புதுக்கோட்டையில் பிள்ளைகள் விளையாடும் விலங்குப் பூங்கா. யானை, முதலை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் சிமெண்டில் செய்து அவற்றின் மேலேயே ஏணியும் சறுக்கும் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு அம்மா பரிமளா வாசல் பெஞ்சில் காத்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றே வேலை பார்த்தவள், அரை நாள் லீவு சொல்லி, மேனேஜரின் முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டு, திருமயம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏறி வந்திருந்தாள். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கிடந்தன.

கோபிநாத் முன்பே வந்திருந்தான். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்டு மெக்கானிக். ராத்திரி ஷிப்டு முடிந்து, பழுது ஒன்றையும் பார்த்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். கண் சிவந்து கிடந்தது. எட்டு வயது ஹரிணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வயது உதயசூரியன் நேரே யானையிடம் ஓடினான்.

அரை மணி நேரம் போயிருக்கும். பரிமளா நிமிர்ந்து பார்த்தபோது கோபிநாத் முதலையின் முதுகில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். 'சின்னத் தப்புன்னாலும் போன்ல எடுத்து வைங்கம்மா, கேஸுக்கு ஒதவும்' என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஒரு படம் எடுத்தாள்.

அடுத்த நிமிஷம் மகன் அழும் குரல் கேட்டது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஏணியில் பாதியில் நின்றுவிட்டான். மேலே போகப் பயம். கீழே இறங்க விடாமல் பின்னால் பிள்ளைகள் நெட்டினார்கள். கோபிநாத் அசையவில்லை. பரிமளா ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, மகனை இடுப்பில் இடுக்கி இறக்கினாள். வாசல் வரை நடக்கத் தெம்பில்லை. முதலையின் வால் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவ எழுப்பவாம்மா?" என்றாள் ஹரிணி.

"வேணாம், தூங்கட்டும். தம்பியக் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போய் வெளையாடு. ஏணிப் பக்கம் விடாத."

ஐந்தரைக்குமேல் கோபிநாத் விழித்தான். அவளைப் பார்த்ததும் விருட்டென்று நிமிர்ந்தான்.

"எம்புட்டு நேரம் தூங்கிட்டேன்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"எழுப்பியிருக்கலாம்ல."

"எழுப்பி மட்டும் என்ன பண்ணப் போறீங்க." அவளே சொன்னாள்: "போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். வக்கீல் சொன்னாரு."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"குடுத்துரு. தூங்குனது நெசந்தான."

திருப்பிச் சொல்ல அவளிடம் இரண்டு வருஷத்துப் பேச்சு இருந்தது. ஒன்றையும் எடுக்க மனசு வரவில்லை.

"எதுக்கு இந்தச் சனிக்கெழம? ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு லீவு. எனக்கும் கடை லீவு."

"ஆர்டர்ல சனின்னு போட்டிருக்கே."

"அன்னைக்குக் கோர்ட்டுல எந்தக் கெழமன்னு கேட்டப்ப ரெண்டு பேருமே வாயத் தொறக்கல. அவங்களா ஒரு கெழமையப் போட்டுட்டாங்க."

அவன் யோசித்தான். "ஒன் வக்கீல் சும்மா இருப்பாரா?"

"நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒங்காளுகிட்ட சொல்லிருங்க."

மிச்சமிருந்த நேரத்தில் அவன் மகனை மடியில் வைத்துக்கொண்டு யானையின் துதிக்கையில் நாலு தடவை சறுக்கினான். ஐந்தாவது தடவைக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஹரிணி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

வக்கீல்கள் சொல்லிக் கோர்ட்டில் கிழமை மாறிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். கூட்டம் அதிகம், வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகள்தான் குறைப்பட்டார்கள். வழக்கு அதன்பாட்டுக்கு நடந்து, மார்கழியில் விவாகரத்தும் கிடைத்தது. அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பரிமளா பிள்ளைகளோடு திருமயத்திலிருந்து வந்து இறங்கினாள்.