சைக்கிள் ஓரமாகத்தான் போனது

பரசுராமனுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது வீட்டுக் குளியலறையில். திருவள்ளூரில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "நான் சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது. தெரிஞ்சே ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா, கேஸ் உங்க மேலதான்."

பக்கத்தில் மனைவி ஹேமாவதியும் இருந்தாள். வெளியே வந்ததும் பரசுராமன், "வேன் ஓட்றத வுட்டா எனக்கு இன்னா தெரியும்? ஓனர் காதுக்குப் போவ வேணாம்" என்றான். அவள் மாத்திரைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் அது. ஹேமாவதியும் அதில்தான் வேலைக்குப் போவாள். ஒரு காலை, கவரைப்பேட்டையைத் தாண்டியதும், அவன் தலை ஒரு பக்கம் திரும்பி அப்படியே நின்றதை, அவனுக்கு நேர் பின்சீட்டிலிருந்து பார்த்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். கால் ஆக்ஸிலேட்டரில் இறுகியிருந்தது. வேன் சாலையை விட்டு இறங்கி, சைக்கிளில் போன ஒருவரை அடித்துத் தள்ளி, மண்மேட்டில் மோதி நின்றது.

செத்தவர் முனிகிருஷ்ணன். கம்பெனி ஒன்றின் வாட்ச்மேன். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

ஆஸ்பத்திரியில் பரசுராமன் வார்டில் கிடந்தான். வேன் ஓனர் வீரராகவன் ஹேமாவதியைத் தனியே கூப்பிட்டார். "சைக்கிள்காரன் குறுக்க வந்துட்டான்னு சொல்லிடும்மா. ஒன் புருஷனும் அதான் சொல்லிக்கினு இருக்கான். சின்ன கேஸா பூடும்."

அவள் தலையாட்டினாள். காலையிலிருந்து யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பிணவறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் முனிகிருஷ்ணனின் மனைவி செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஹேமாவதியைப் பார்த்து, "நீ அந்த வேன்ல வந்த பொண்ணா? எங்க ஊட்டுக்காரரு குறுக்க பூந்துட்டாருன்னு சொல்றாங்களே. அவரு பயந்தாங்கொள்ளிம்மா. அப்டி போவ மாட்டாரு. நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். அவரு ஓரமாத்தான் போனாரு" என்றாள் ஹேமாவதி.

அங்கிருந்து நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள். வலிப்பு, மாத்திரை, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். டாக்டர் சொன்னப்ப நானும் இருந்தேன்."

சொல்லும்போது வேறு யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது.

பரசுராமன் மேல் பெரிய பிரிவில் வழக்குப் போட்டார்கள். வார்டிலிருந்து புழல் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவள் போய்ப் பார்த்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றான்.

"ஏன் சொன்ன?"

"அந்தம்மா கேட்டாங்க."

"எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல, ஹேமா. ஆளு வந்தது, இடிச்சது, ஒண்ணுமே."

"எனக்கு இருக்குது" என்றாள். "மாத்திர குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க."

வெளியே வெயில். அழுகை வருமென்று சுவரோரம் சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.