காந்த மாமாவுக்கு வந்த பச்சை மை அட்டைகள்

காந்தக்கையன் எந்தக் கையால் பல் தேய்ப்பான்? சாப்பிடும்போது கரண்டி கையில் ஒட்டிக்கொள்ளாதா? ரயிலில் ஏறினால் தண்டவாளம் பெயர்ந்து வராதா? மாதம் இரண்டு முறை வரும் 'காந்தக்கையன்' படக்கதை இதழுக்கு, வாரத்துக்கு நாற்பது ஐம்பது அஞ்சலட்டைகள் இப்படி வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவர் பெயர் காந்த மாமா. நரைத்த மீசையும் மூக்குக் கண்ணாடியுமாகக் கேள்வி-பதில் பக்கத்தின் உச்சியில் அவர் படம் இருக்கும். உண்மையில் பதினோரு வருடமாக அந்தப் பக்கத்தை எழுதி வந்தவள் நாற்பத்து மூன்று வயதுப் பெண். அலுவலகத்திலும் அவளை மாமா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் அலுவலகம். கதை எழுதும் ஆசிரியர், ஓவியர், பேச்சுக் குமிழ்களுக்குள் வசனத்தைக் கையால் எழுதும் 'குமிழி', அப்புறம் மாமா. மொத்தம் நான்கு பேர். முந்நூறாவது இதழுக்கென்று ஆசிரியர் ஒரு வெடி வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் இதழில் ஆற்றில் விழுந்து செத்துப்போன காந்தக்கையனின் தங்கை திரும்பி வரப் போகிறாள். இத்தனை நாளும் வில்லன் நடத்தும் கண் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக இருந்திருக்கிறாள்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆசிரியர் இதைச் சொன்னார். "இந்த நாலு சுவத்தைத் தாண்டிப் போச்சுன்னா, முந்நூறாவது இதழ் ஊசிப்போன பண்டம் மாதிரி. ஞாபகம் வச்சுக்குங்க."

அடுத்த வாரமே அந்த அட்டை வந்தது. பச்சை மை, உருண்டை உருண்டையான கையெழுத்து.

'அன்புள்ள காந்த மாமா, தங்கை ஆற்றில் விழுந்தாள் என்றுதான் போட்டீர்கள். உடல் கிடைத்ததாக எந்த இதழிலும் இல்லை. அவள் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்தானே?'

 மாமா அட்டையை மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். அட்டையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"வாசகர்களோட பழக்கம் இருக்கறது உங்களுக்குத்தான், மாமா."

"சார், நானே சொல்லிட்டு நானே கொண்டுவந்து காட்டுவேனா?"

"அப்படிக் காட்டினா சந்தேகம் வராதுன்னும் நினைக்கலாம் இல்லையா?"

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தான் இல்லையென்றால் வேறு யார்? ஓவியர் வாயைத் திறந்தாலே கொட்டாவிதான் வரும். அவர் ரகசியம் சொல்லும் ரகமில்லை. மிச்சம் குமிழி. பார்க்கப் பார்க்க அவர் செய்வதெல்லாம் கோணலாகவே பட்டது. கொஞ்ச நாளாகப் பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். கேட்டால், கீழே டயருக்குக் காற்றடிக்கும் மிஷின் மேசையை அதிர வைக்கிறது என்கிறார். இத்தனை வருடம் அதிராத மேசையா? யாராவது பக்கத்தில் வந்தால் எழுதுவதைத் துண்டால் மூடுகிறார். போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுகிறார்.

ஒரு மத்தியானம் மாமா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குமிழி அண்ணா, சேதி தெரியுமா? தங்கச்சிக்கு ஒரு கண்ணு போயிருக்குமாம். ஆசிரியர் என்கிட்ட மட்டும் சொன்னார்."

"அடப்பாவமே" என்றார் குமிழி, துண்டுக்கு மேல் கையை வைத்தபடி. "எந்தக் கண்ணு?"

மாமா வாய்க்கு வந்தபடி, இடது என்றாள். அப்படி ஒன்றும் கதையில் இல்லை. மாமா சொந்தமாக ஊதிய புருடா அது. வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

பத்தாம் நாள் பச்சை மையில் இரண்டாவது அட்டை வந்தது. 'தங்கையின் இடது கண்ணுக்கு என்ன ஆனது, மாமா?'

 குமிழி கையும் களவுமாக மாட்டினார் என்று மாமா நினைத்தாள். கூடவே, தான் தப்பித்தோம் என்ற நிம்மதியும் வந்தது. அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் கூசியது.

மாமா சொன்னதைக் கேட்டு, ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் குமிழியிடம் கேட்டார். குமிழி, "நான் யாருகிட்டயும் சொல்லலை" என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

"அப்ப காத்துல போச்சா?"

 குமிழி பேனாக்களைப் பெட்டியில் வைத்தார். பெட்டியின் கொக்கியை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆனது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். மாமா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது அட்டை. 'ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிறாள், ஆனாலும் அந்தத் தெத்துப்பல்லை ஏன் இன்னும் சரிசெய்து கொள்ளவில்லை?'

மாமா முந்நூறாவது இதழின் கதையைத் தேடியெடுத்து மூன்று தரம் படித்தாள். பல்லைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. குமிழிக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அப்படியானால்? அட்டையின் ஓரத்தில் இருந்த முகவரியைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அது பல்செட் செய்யும் கூடம். ஜன்னல் ஓரம் ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி, மெழுகுப் பல்வரிசை ஒன்றைச் சின்னக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள். கை முழுக்க வெள்ளை மாவு. மாமா பச்சை மை முகவரித் துண்டை அவளிடம் நீட்டினாள்.

"காந்த மாமா அனுப்பினாரா? நீங்க அவரோட வீட்டம்மாவா?"

"நான்தான் மாமா."

பல்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமாவை உயிரா நினைக்கிற என் தம்பிகிட்ட சொன்னா அழுதே போயிடுவான்!"

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "யார் உங்களுக்குச் சொன்னது? குமிழியைத் தெரியுமா?"

"எந்தக் குமிழி? யாரும் சொல்லலையே." அவள் கையைத் துடைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். அச்சு வார்த்த தாடைகளுக்குக் கீழே காந்தக்கையனின் அத்தனை இதழும் வரிசையாக இருந்தன. "இங்க பாருங்க, தொண்ணூத்தி ஆறு. தங்கச்சி சிரிக்கிறா. மேல வலது பக்கம் தெத்துப்பல். இருநூத்தி மூணு, ஆஸ்பத்திரிக் காட்சி. ஓரமா நிக்கிற நர்ஸ். பல்லைப் பாருங்க. இருநூத்தி நாப்பதுலயும் அவதான். முடி எப்பவும் இடது கண்ணு மேலயே விழுந்திருக்கு, அதான் கண்ணுக்கு என்னன்னு கேட்டேன். நான் மூஞ்சியை மறந்துடுவேன்மா, பல்லை மறக்க மாட்டேன்."



மாமா அந்த மூன்று இதழையும் இரவல் வாங்கி வந்து அலுவலகத்தில் விரித்தாள். ஓவியர் குனிந்து பார்த்தார். "என் வீட்டுக்காரிக்குத் தெத்துப்பல். பொம்பளை சிரிச்சா எனக்கு அப்படித்தான் வரையத் தெரியும். முடிய முன்னால விட்டா ஒரு கண்ணு வரையற வேலை மிச்சம்."

 ஆசிரியரின் கழுத்து சிவந்திருந்தது.

"சார், தங்கச்சியை நர்ஸாக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"பழைய இதழைப் புரட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் கடைசியில். "இந்த நர்ஸ் கண்ணுல பட்டா. சிரிப்பு தங்கச்சி மாதிரியே இருந்துச்சு."

ரகசியம் அச்சாகி ஊரெல்லாம் விற்று நாலு வருடம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே மாமா குமிழியின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்தார்; உள்ளே வா என்று சொல்லவில்லை. குமிழி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் பாதி சட்டையில் சிந்தியது. மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. துண்டும், வீட்டுக்கு எடுத்துப்போன பக்கங்களும், படிக்கட்டில் பேசிய போனும் இந்தக் கை நடுக்கத்தை மறைக்கத்தான்.

"டாக்டர் ஆறு மாசம்னார்" என்றார் குமிழி. "அதுக்கப்புறம் பேனா பிடிக்க முடியாதாம். எப்படியும் நானே போயிருப்பேன், மாமா. கள்ளன்னு பேர் வாங்கிட்டுப் போகணும்னு நினைக்கலை."

"அண்ணா, தப்பு என்னோடது. அந்தக் கண்ணு விஷயம் நான் கட்டிவிட்டது. உங்களைச் சோதிக்க."

"கேள்விக்குப் பதில் சொல்றதுதானே உங்க வேலை. என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே."

முந்நூறாவது இதழ் வரைக்குமாவது திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவர் மனைவி கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

குமிழி போன பிறகு வந்த இதழ்களைப் போலவே முந்நூறாவது இதழும் கம்ப்யூட்டர் எழுத்தில் வந்தது. விற்பனைக்குக் குறைவில்லை. தங்கை வந்ததைப் பார்த்து யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பாதிப்பேர் அப்போதே நினைத்தோம் என்று எழுதினார்கள். வேறொரு கேள்விதான் நிறைய அட்டைகளில் இருந்தது. காந்தக்கையன் பேசும் எழுத்து ஏன் மாறிவிட்டது?

மாமா பதில் எழுதினாள். 'இருநூற்றுத் தொண்ணூற்றாறு இதழ்களாகக் காந்தக்கையனின் குரலைத் தன் கையால் எழுதியவரை, அவர் செய்யாத ஒன்றுக்காகச் சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டோம். முதலில் சந்தேகப்பட்டது நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "வாசகர்களுக்கு எதுக்கு நம்ம வீட்டுக் குப்பை?"

"அப்ப இந்தத் தடவை பக்கத்தைக் காலியா விடுங்க சார். நான் வேற எதுவும் எழுதித் தரலை."

வெள்ளிக்கிழமை வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அச்சுக்குப் போகும் நாளன்று ஆசிரியர் புதுத் தாளில் அந்தப் பதிலைத் தன் கையாலேயே எழுதி, 'நான்' என்ற இடத்தில் 'நாங்கள்' என்று போட்டு, அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இதழ் கடைக்கு வந்த அன்று அலுவலகத்துக்குப் போன் வந்தது. குமிழியின் மனைவி.

"பக்கத்தை விரிச்சுப் பிடிச்சுக் காட்டினேன் அவருக்கு" என்றார்.  "ரெண்டாவது வரியில ஒரு ஒற்று விட்டுப்போயிருக்காம். சொல்லச் சொன்னார்."